கெய்கரா, சிண்டிலேட்டரா, டோசிமீட்டரா: எந்தக் கதிர்வீச்சுக் கருவி யாருக்கு?

கதிர்வீச்சு அளக்க ஒரு கருவி வாங்கவேண்டும், எதை வாங்குவது என்ற கேள்வி என்னிடம் மூன்று வகை ஆட்களிடமிருந்து வருகிறது. சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலும் துவாஸிலும் குழாய் வெல்டுகளைக் காமா கதிரால் படமெடுக்கும் என்டிடி (பொருளை உடைக்காமல் சோதிக்கும்) வேலையில் இருக்கும் தம்பிகள் ஒரு வகை. 2023 ஆகஸ்ட்டில் ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுஉலை நீரைக் கடலில் விடத் தொடங்கியதிலிருந்து மீன் வாங்கும்போதெல்லாம் யோசிக்கும் குடும்பத்தினர் இன்னொரு வகை. தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் மூன்றாவது.

இணையக் கடை இந்த மூன்று பேருக்கும் ஒரே பொருளைத்தான் முதலில் காட்டுகிறது: நூறு வெள்ளிக்குள் ஒரு கெய்கர் கருவி. மாணவருக்கு அது பொருந்தும். மீன் வாங்குபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. என்டிடி தம்பி அதை மட்டும் நம்பினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலில், உங்கள் கேள்வி எது என்று தெளிவாக இருக்கவேண்டும். இங்கே கதிர்வீச்சு இருக்கிறதா? அது எந்தத் தனிமத்திலிருந்து வருகிறது? என் உடம்பு இதுவரை எவ்வளவு வாங்கியிருக்கிறது? இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். மூன்றுக்கும் நன்றாகப் பதில் சொல்லும் ஒரே கருவி கிடையாது.

அடுத்து, கதிர் கருவிக்குள் நுழையவேண்டும். கதிர் வகைகளில் ஆல்ஃபாவை ஒரு தாளே தடுத்துவிடும். பீட்டாவைச் சில மில்லிமீட்டர் அலுமினியம் தடுக்கும். காமா பெரும்பாலானவற்றைத் துளைத்துப் போகும்; அதனாலேயே கருவியையும் பிடிபடாமல் கடந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. அளவுக்கு மீறிக் கதிர் வந்தால் கருவி என்ன செய்யும்? எவ்வளவு நுணுக்கமாக அளக்கும் என்பதை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். எங்கே தோற்கும் என்பதைக் கையேட்டில்தான் தேடவேண்டும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுஉலை வெடித்தபோது பணியாளர்களின் கைக்கு எட்டிய டோசிமீட்டர்களின் (கதிர் அளவு காட்டும் கருவிகளின்) உச்ச அளவு நொடிக்கு 0.001 ராண்ட்ஜன் (கதிர்வீச்சின் பழைய அலகு), அதாவது மணிக்கு 3.6 ராண்ட்ஜன். முள் அந்த எல்லையில் போய் முட்டி நின்றது. கருவியின் எல்லையையே உண்மை அளவாக எடுத்துக்கொண்டு அந்த எண்ணை மேலே அனுப்பினார்கள். உலையை ஒட்டிய சில இடங்களில் உண்மை அளவு அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இருந்தது.

இவற்றோடு நம் ஊரின் ஈரப்பதத்தையும், வாங்கிய பிறகு ஆண்டுதோறும் ஆகும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கும் மறுபடி அறைக்குமாகப் போய்வரும் கருவி, பனிநாட்டில் அலமாரியில் இருக்கும் கருவியைப் போல உழைக்காது.

கெய்கர்-முல்லர் குழாய்

கெய்கரும் முல்லரும் 1928-இல் உருவாக்கிய வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. ஒரு குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் நியான் அல்லது ஆர்கான் வாயு, நடுவில் ஒரு கம்பி, சில நூறு வோல்ட் மின்னழுத்தம். உள்ளே வரும் கதிர் ஓர் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்தால் போதும். அது கம்பியை நோக்கிப் பாயும் வழியில் மற்ற அணுக்களை மோதி மேலும் எலக்ட்ரான்களை விடுவிக்கும். கணத்தில் அது பெருவெள்ளமாகி ஒரு மின்துடிப்பாக வெளியே வரும். அந்த 'டிக்' சத்தம் இதுதான்.

துடிப்பு பெரியதாக இருப்பதால் மின்சுற்று எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் வந்தது வலிமையான கதிரானாலும் மெலிந்த கதிரானாலும் துடிப்பின் அளவு ஒன்றுதான். அதனால் எந்தத் தனிமம் என்று கெய்கரால் சொல்லவே முடியாது. மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர் அளவின் அலகு) என்று திரையில் வரும் எண்கூட ஓர் ஊகம்தான். பெரும்பாலான கருவிகள் சீசியம்-137-இன் காமாவை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகின்றன. ஈடுசெய்யும் உலோக உறை இல்லாத குழாயை எக்ஸ்ரே போன்ற குறைந்த ஆற்றல் கதிர் அருகே வைத்தால் பல மடங்கு கூட்டிக் காட்டும்.

காமாவைப் பிடிப்பதிலும் இது வலுவானதல்ல. குழாயைக் கடக்கும் நூறு காமாவில் ஒன்று பிடிபட்டால் பெரிது. சந்தையில் அதிகம் புழங்கும் எஸ்பிஎம்-20 போன்ற குழாய், வீட்டில் சும்மா வைத்திருந்தால் நிமிடத்துக்கு இருபது எண்ணிக்கை அளவில்தான் தரும். கதிரியக்கம் தற்செயலாக நடப்பது என்பதால், இருபது என்ற எண்ணிக்கையில் நாலைந்து கூடுவதும் குறைவதும் இயல்பு. திரையில் எண் குதிப்பதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டுச் சராசரி பாருங்கள்.

இப்போது ஆபத்தான பக்கத்துக்கு வருவோம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் குழாய் நூறு மைக்ரோநொடி அளவுக்குச் செயலற்றுக் கிடக்கும். சாதாரண நேரத்தில் இது பொருட்டல்ல. ஆனால் என்டிடி வேலையில் 50 கியூரி வலிமையுள்ள இரிடியம்-192 சோர்ஸ் (கதிர் வீசும் பொருள்) ஒன்று கேமரா என்னும் கவசப் பெட்டிக்குத் திரும்பாமல், அது போய்வரும் கைடு டியூபில் சிக்கிக்கொண்டால், கவசம் இல்லாத நிலையில் 1 மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறக்குறைய 240 மில்லிசீவர்ட் வரும். பணியாளருக்குப் பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்திருக்கும் ஆண்டுச் சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட். அந்த அளவை ஐந்தே நிமிடத்தில் வாங்கிவிடலாம். இப்படிப்பட்ட இடத்தில் மலிவான கெய்கர் கருவியின் துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணுவதற்குத் தனித்தனித் துடிப்பே இருக்காது. திரை குறைந்த எண்ணைக் காட்டலாம், பூஜ்யமே காட்டலாம். நெருங்க நெருங்க எண் குறைகிறதே, சோர்ஸ் உள்ளே போய்விட்டது போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொழிலுக்கென்று செய்த கெய்கர் சர்வே மீட்டர்கள் (இடத்தின் கதிர் அளவைப் பார்க்கும் கைக்கருவிகள்) வேறு. அவற்றில் உயர் அளவுக்குத் தனியாக ஒரு சிறு குழாயும், எல்லை மீறினால் 'ஓவர்லோட்' என்று பிடிவாதமாகக் காட்டும் சுற்றும் இருக்கும். வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அந்த வரிதான்.

கெய்கர் உண்மையிலேயே சிறந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு: மைக்கா சன்னல் வைத்த தட்டையான 'பான்கேக்' குழாய். ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் உள்ளே விடும் என்பதால் மேசை, கையுறை, துணி ஆகியவற்றில் ஒட்டிய கதிரியக்கத் தூசியைத் தேட இதைவிட எளிய கருவி இல்லை. கப்பல் பட்டறையில் டிக் (TIG) வெல்டிங் செய்பவர்கள் கவனிக்கவும்: நுனியில் சிவப்புப் பட்டை போட்ட டங்ஸ்டன் எலக்ட்ரோடில் ஏறக்குறைய 2 விழுக்காடு தோரியம் ஆக்சைடு இருக்கிறது. கையில் பிடிப்பதால் பெரிய கேடில்லை. தீட்டும்போது பறக்கும் தூசியை மூச்சில் இழுப்பதுதான் கேடு. தீட்டும் மேசையைச் சோதிக்க பான்கேக் சரியான தேர்வு. மறைந்த செலவு மைக்காதான்: ஓர் இரும்புத் துருவல் குத்தினாலே குழாய் போய்விடும்.

சிண்டிலேட்டர் படிகம்

சில படிகங்கள் காமா பட்டதும் மிக மெல்லிய ஒளியை உமிழும். அந்த ஒளியைப் பெருக்கி மின்துடிப்பாக மாற்றுவதுதான் சிண்டிலேட்டர். தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தை ஹாஃப்ஸ்டாட்டர் என்ற இயற்பியலாளர் 1948-இல் அறிமுகப்படுத்தினார். இன்று சட்டைப் பையில் அடங்கும் கருவிகளில் பெரும்பாலும் சீசியம் அயோடைடு படிகம் இருக்கிறது. ரேடியாகோட் போன்றவற்றில் ஒரு கன சென்டிமீட்டர் படிகமும் சிலிக்கான் ஒளியுணரியும்தான் எல்லாம்.

இதன் பெருமை இரண்டு. வாயுவைவிடப் படிகம் அடர்த்தி என்பதால் காமாவை நன்றாகப் பிடிக்கும். அந்தச் சிறு படிகமே சாதாரணக் கெய்கர் குழாயைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு எண்ணிக்கை தரும். இரண்டாவது, காமாவின் ஆற்றல் கூடினால் ஒளியும் கூடும். ஆகவே ஆற்றல் வரிசையை வரைபடமாகப் போட்டுத் தனிமத்தை அடையாளம் காணலாம். 662 கிலோஎலக்ட்ரான்வோல்ட்டில் (இது கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) மேடு எழுந்தால் சீசியம்-137. 1461-இல் எழுந்தால் பொட்டாசியம்-40. புக்கித் தீமா கிரானைட் பாறையருகே எண் சற்று ஏறினால், அது பாறையிலேயே இருக்கும் பொட்டாசியமும் தோரிய, யுரேனியக் குடும்பமும்தான் என்று வரைபடத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்கலாம். எம்ஆர்டி ரயிலில் கருவி திடீரென அலறினால், அன்று மருத்துவமனையில் டெக்னீசியம்-99எம் செலுத்திக்கொண்ட நோயாளி ஒருவர் பக்கத்தில் இருக்கலாம்; 140-இல் மேடு தெரியும், அதன் அரை ஆயுளோ 6 மணி நேரம்தான். வெறும் கெய்கர் கையில் இருந்தால் இதில் எதையும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. கற்க விரும்புபவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். சில நூறு வெள்ளி கூட ஆகும், அதற்குத் தகும்.

இதற்கும் தோற்கும் இடம் உண்டு. அதிக உணர்திறன் என்றால் சீக்கிரமே நிறைந்துவிடும் என்று பொருள். 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்த சீசியம்-137 ஊருக்குள் பரவியது. விவரம் அறிய வந்த இயற்பியலாளர் ஒருவர், தாது தேடப் பயன்படும் சிண்டிலேட்டர் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். இடத்தை அடையும் முன்பே, எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் உச்சத்தில் போய் நின்றது. கருவி பழுது என்று முடிவு செய்து திரும்பிப் போய் வேறொன்று வாங்கி வந்தார். இரண்டாவதும் அப்படியே நின்றபோதுதான் உண்மை புரிந்தது. கருவியில் பழுதே இல்லை.

நம் ஊருக்கு இன்னொன்று. சோடியம் அயோடைடு ஈரத்தை உறிஞ்சும். அலுமினிய உறையின் மூடல் தளர்ந்தால் படிகம் மஞ்சளாகிக் கெட்டுவிடும். திடீர் வெப்ப மாற்றத்தில் பெரிய படிகம் விரிசலும் விடும். குளிர் அறையிலிருந்து நேராக வெயிலில் வைக்கக் கூடாது. பெட்டிக்குள்ளேயே மெல்லச் சூடேற விடவேண்டும். சீசியம் அயோடைடு இந்த வகையில் முரடு, ஈரத்தையும் ஓரளவு தாங்கும். சிங்கப்பூரில் கையில் வைத்துத் திரிவதற்கு அதையே எடுங்கள். ஆல்ஃபாவையும் மென்மையான பீட்டாவையும் இவ்வகைப் பைக் கருவி பார்க்காது, உறை தடுத்துவிடும்.

அயனிக் கலம்

கெய்கர் மழைத்துளிகளை எண்ணுகிறது. அயனிக் கலம் பாத்திரத்தில் சேர்ந்த நீரை அளக்கிறது. காற்று நிரம்பிய கலத்தில் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, கதிர் உண்டாக்கிய மின்னூட்டத்தை அப்படியே சேர்த்து மின்னோட்டமாக அளப்பார்கள். பெருக்கம் இல்லை, செயலற்ற நேரமும் இல்லை. அதிகக் கதிரில் நிதானமாக நிற்கும், ஆற்றல் மாறினாலும் பெரிதாகப் பிசகாது.

மிகக் குறுகிய துடிப்புகளாக எக்ஸ்ரே வீசும் கையடக்க இயந்திரங்களின் அருகே இதுதான் வேண்டும். அங்கே கெய்கர் ஒரு முழு வீச்சையே ஒரு 'டிக்' என்று எண்ணிவிட்டுப் பேசாமல் இருக்கும். பல மின்னணு டோசிமீட்டர்களுக்கும் அதே குறை. குறைபாடு என்றால், வீட்டு அளவிலான சிறு கதிர்வீச்சை இது உணராது. வெளிக்காற்றுக்குத் திறந்த கலத்தில் ஈரம் ஏறினால் கசிவு மின்னோட்டம் உண்டாகி முள் அலையும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் அயனிக் கலம் வாங்குவது வீண்.

குறைகடத்திகள்

சிலிக்கானில் ஒரு மின்னூட்ட இணையை உருவாக்க 3.6 எலக்ட்ரான்வோல்ட் போதும்; காற்றில் ஏறக்குறைய 34 வேண்டும். அதே காமாவுக்குப் பல மடங்கு கூடுதல் மின்னூட்டம் கிடைப்பதால் அளவு கூர்மையாகிறது. தூய ஜெர்மானியக் கருவியில் 662 மேட்டின் அகலம் இரண்டு கிலோஎலக்ட்ரான்வோல்ட்டுக்குள் அடங்கும். சோடியம் அயோடைடில் அது 45 அளவில் பரந்து கிடக்கும். உணவு ஆய்வகங்கள் ஜெர்மானியத்தை நம்புவது இதனால்தான். ஆனால் அது -196 டிகிரி அளவுக்குக் குளிரவேண்டும். திரவ நைட்ரஜனோ மின்குளிரூட்டியோ, கனத்த ஈயக் கவசமோ இல்லாமல் வேலை நடக்காது. தனிமனிதர் வாங்கும் பொருளல்ல. அறை வெப்பத்திலேயே இயங்கும் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு இடைப்பட்டது. படிகம் சிறியது, விலை பெரியது.

உடம்பில் அணியும் டோசிமீட்டர்

பேட்ஜ் வேறு, அலாரம் வேறு. இதை வேலையிடத்தில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிஎல்டி (வெப்பத்தால் ஒளிரும்) வகைப் பேட்ஜில் இருக்கும் லித்தியம் ஃபுளூரைடு, கதிரின் ஆற்றலைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளியாக விடும், அதை அளப்பார்கள். படித்ததும் பதிவு அழிந்துவிடும். ஓஎஸ்எல் (ஒளியால் தூண்டி ஒளிரவைக்கும்) வகையில் அலுமினியம் ஆக்சைடு. ஒளியால் படிப்பதால் மறுபடியும் படிக்கலாம். இரண்டும் சட்டப்படியான உங்கள் கணக்கு. ஆனால் இரண்டும் ஊமை: விபத்து நடந்து பல நாள் கழித்துத்தான் பேசும்.

அலாரம் டோசிமீட்டரில் சிறு சிலிக்கான் டயோடோ சிறு கெய்கர் குழாயோ இருக்கும். அது அந்த நொடியிலேயே கத்தும். இரைச்சல் மிகுந்த ஆலையில் சத்தம் மட்டும் போதாது, அதிர்வும் வேண்டும். பேட்ஜை வெயிலடிக்கும் லாரியின் முன்பக்கத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெப்பம் பதிவைக் கெடுக்கும்.

ஒரே பார்வையில்

| கருவி | நன்றாகச் சொல்வது | தோற்கும் இடம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| மலிவான கெய்கர் | கதிர் இருக்கிறதா | உயர் கதிரில் குறைத்துக் காட்டும் | அளவுத்திருத்தச் சான்று கிடையாது |
| பான்கேக் கெய்கர் | மேற்பரப்புத் தூசி | தனிமம் தெரியாது | மைக்கா உடைதல் |
| சிண்டிலேட்டர் | எந்தத் தனிமம் | உயர் கதிரில் நிறைந்துவிடும் | ஈரம், வெப்ப அதிர்ச்சி |
| அயனிக் கலம் | உயர் கதிர், துடிப்பு எக்ஸ்ரே | சிறு அளவுகள் | சிலிக்கா ஜெல், காலிபிரேஷன் (அளவுத்திருத்தம்) |
| ஜெர்மானியம் | உணவின் துல்லிய ஆய்வு | களத்தில் பயனில்லை | குளிரூட்டல், கவசம் |
| பேட்ஜ் | உடம்பு வாங்கிய மொத்தம் | எச்சரிக்காது | மாதந்தோறும் ஆய்வகத்தில் படித்தல் |
| அலாரம் டோசிமீட்டர் | உடனடி எச்சரிக்கை | துடிப்பு எக்ஸ்ரே | பேட்டரி, காலிபிரேஷன் |

உங்கள் நிலைக்கு

என்டிடி வேலை என்றால் இதில் 'அல்லது' கிடையாது. ஓவர்லோட் காட்டும், காலிபிரேஷன் காலாவதியாகாத சர்வே மீட்டர், அலாரம், பேட்ஜ் மூன்றும் வேண்டும். மூன்றும் முதலாளி தரவேண்டியவை. தம்பி, சொந்தக் காசில் மலிவான கருவி வாங்கி வைத்துக்கொள்வதைவிட, சர்வே மீட்டரில் ஒட்டியிருக்கும் காலிபிரேஷன் தேதியைப் பார்த்துக் கேள்வி கேட்பது உங்களை அதிகம் காப்பாற்றும். ஒவ்வொரு எக்ஸ்போஷருக்குப் (படமெடுப்புக்குப்) பிறகும் மீட்டரைக் கையில் பிடித்தபடியே கேமராவை நோக்கி நடங்கள். எதிர்பார்த்தவாறு எண் மாறவில்லை என்றால், எண் சரியில்லை என்று வைத்துக்கொண்டு பின்வாங்குங்கள்.

மீனுக்காக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். கணக்கு இதோ. ஜப்பானின் பொது உணவு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு) சீசியம், 2012 ஏப்ரலிலிருந்து. அந்த வரம்பைத் தொடும் அரைக் கிலோ மீனில் நொடிக்கு 50 சிதைவு நடக்கும். குழாயை நோக்கி வருவதில் சிறு பங்கு, அதில் நூற்றில் ஒன்று பிடிபடுவது என்று பார்த்தால் நிமிடத்துக்கு இரண்டு மூன்று எண்ணிக்கை. வீட்டின் இயல்பான இருபதின் ஏற்ற இறக்கத்தில் அது மூழ்கிப்போகும். ஃபுக்குஷிமா நீரோடு விடப்படும் டிரிட்டியத்தின் (கதிரியக்க ஹைட்ரஜனின்) பீட்டாவோ அதிகபட்சம் 18.6 கிலோஎலக்ட்ரான்வோல்ட், மைக்கா சன்னலைக்கூட அது தாண்டாது. அதை அளக்க மாதிரியைத் திரவச் சிண்டிலேட்டரில் கலக்கவேண்டும். கருவி 'ஒன்றுமில்லை' என்று காட்டினால் அது மீனைப் பற்றிய செய்தியே அல்ல. இறக்குமதி உணவைக் கண்காணிப்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் ஆய்வகங்களின் வேலை. கவலை இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

கைபேசி கோபுரத்துக்குப் பயந்து கேட்பவர்களுக்கு: மின்காந்தப் புலமானி என்று விற்பது கதிரியக்கத்தை அளக்காது, கெய்கர் ரேடியோ அலையை அளக்காது. ஆனால் அந்தப் பயத்தில் வாங்கும் 'எதிர்மறை அயனி' பதக்கங்களைக் கட்டாயம் சோதிக்கலாம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரித்தது. கழுத்தில் தொங்கும் பதக்கத்துக்கு பான்கேக் கெய்கர் போதும், நொடிகளில் தெரிந்துவிடும்.

வகுப்பறைக்கு, பட்ஜெட் குறைவென்றால் சாதாரணக் கெய்கர், கொஞ்சம் கூடவென்றால் சீசியம் அயோடைடு. சோதிப்பதற்கென்று வெளிநாட்டிலிருந்து கதிரியக்கப் பொருளை ஆர்டர் செய்யும் முன் தேசிய சுற்றுப்புற வாரியத்திடம் கட்டாயம் கேளுங்கள். கதிரியக்கப் பொருள் சம்பந்தப்பட்ட உரிமங்கள் அவர்களிடம்தான். அது அவசியமில்லை என்றால் பேரங்காடியில் உப்புக்கு மாற்றாகக் கிடைக்கும் பொட்டாசியம் குளோரைடே போதும். ஒரு கிராமில் நொடிக்கு 16 சிதைவு அளவில் பொட்டாசியம்-40 இருக்கிறது. தட்டில் பரப்பி பான்கேக்கை மேலே பிடித்து ஐந்து நிமிடம், பிறகு உப்பில்லாமல் ஐந்து நிமிடம் எண்ணுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.